எல்லாரும் வந்தாச்சு

1

டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம் முடிந்ததை எங்களுக்கு நினைவூட்டியது அரசாங்கம்தான். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஆறு பக்கப் படிவம் ஒன்று தபாலில் வந்திருந்தது. என் கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் பின்னேர வேலை. ஆகவே நானே அகராதியும் பேனையுமாகச் சமையலறை மேசையில் இருந்தேன்.

பெயர், பிறந்த திகதி, மணமானவரா என்பதெல்லாம் மொழிப்பள்ளியில் பழகியதுதான். நாலாம் பக்கத்தில், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு கேள்வி. ‘விட்டுவந்த’ என்பதற்கு அவர்கள் போட்டிருந்த டெனிஷ் சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்ள அகராதியைப் புரட்டினேன். இரண்டு பொருள் இருந்தது. ஒன்று, பின்னால் விடப்பட்டவர். மற்றது, இறந்துபோன ஒருவர் விட்டுச்சென்ற உற்றார்.

நான் ஏற்கெனவே தங்கை லூட்சின் பெயரை எழுதியிருந்தேன். அந்த இரண்டாம் பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியானால் செத்தவள் நான்.

மகள் அனிற்றா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆறு வயது. ஒரு வருடத்துக்குள் டெனிஷ் அவளுடைய வாயில் குடியேறிவிட்டது. தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் வரும். இந்தப் பெயர் யாருடையது என்று அவள் டெனிஷில் கேட்டாள்.

“உன்ரை சின்னம்மா. லூட்ஸ் சின்னம்மா. உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு திரிஞ்சவ.”

அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஞாபகம் இல்லை.

2

மொழிப்பள்ளி என்னை அந்த ஆவணி மாதம் ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. கட்டில் விரிப்பது, கோப்பி கொடுப்பது, குளிக்க வார்க்க உதவுவது. பஸ்ஸில் அரைமணி நேரம். என்னைப் பொறுப்பெடுத்தவள் கிர்ஸ்டன் என்ற தாதி. ஐம்பது வயது இருக்கும். நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் திருத்தமாட்டாள். அதையே சரியாக ஒருமுறை தான் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நீண்ட நடையின் கடைசி அறையில் ஸ்வென் இருந்தார். கப்பலில் வேலை செய்தவர். இளமையில் பல வருடங்கள் அமெரிக்காவின் தெற்குத் துறைமுகங்களில் கழித்தவர். நாலு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டன. ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசிக்கும் அதுதான், நோவுக்கும் அதுதான்.

நான் அங்கே போன இரண்டாம் கிழமை, பின்னேரக் கோப்பியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஒரு பாட்டுக் கேட்டது. வானொலி என்றுதான் நினைத்தேன். அறையில் வானொலி இல்லை. ஒரு பேச்சும் வராத அந்த மனிதர், யன்னலைப் பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் கிர்ஸ்டனுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு மறுபக்கம் என்று மருத்துவர் சொன்னாராம். பேச்சுப் பக்கம் இருண்டாலும் பாட்டுப் பக்கத்தில் விளக்கு எரியலாமாம். ஆனால் அவர் பாடி இரண்டு வருடமாகிறது என்றும் சொன்னாள்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த ஆங்கிலம் எனக்குக் கைகொடுத்தது. அது அமெரிக்க நாட்டுப்புறத்து மாட்டுக்காரர் பாடும் வகைப் பாட்டு. ஒரு பண்ணைக் கூலியாள் சொல்வதுபோல வரும். ஒருவருக்கு நான் துரோகம் செய்தேன். செய்தது நான்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அழுதும் பார்த்தேன், ஊர் மாறியும் பார்த்தேன், அது என்னோடேயே வந்தது. இனி வரட்டும். விடிந்தால் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும். அவ்வளவுதான் பாட்டு. சோகப்பாட்டு என்றும் சொல்லமுடியாது. மெட்டு நடைபோடுவதுபோல இருக்கும்.

அன்றிலிருந்து நான் கோப்பி கொண்டுபோன நாட்களில் எல்லாம் அவர் பாடினார். கிர்ஸ்டன் போனால் பாடமாட்டார்.

3

கார்த்திகையில் இங்கே பின்னேரம் மூன்றரைக்கே பொழுது பட்டுவிடும். நடையில் வெள்ளை விளக்குகள் போடுவார்கள். ஒரு நாள் ஸ்வெனின் கதவைத் திறந்தபோது அவர் பாடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே பார்த்தார். வாய் கோணியபடி ஏதோ சொன்னார். ‘கொம் இன்’ என்பது விளங்கியது, உள்ளே வா. அதற்குப் பிறகு வந்ததுதான் பிடிபடவில்லை. ‘பெக டோ’ என்பதுபோல இருந்தது.

ஆங்கிலத்தில் கால் பெருவிரலை ‘பிக் டோ’ என்பார்கள் அல்லவா. மனுசனுக்குக் கால்விரல் நோகிறது என்று நினைத்துக்கொண்டேன். முழங்காலில் இருந்து அவருடைய காலுறையைக் கழற்றி, பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் மறுபடியும் என் பின்னால் கதவைப் பார்த்து, இடக்கையை மெல்ல அசைத்து, அதையே சொன்னார்.

அடுத்த நாள் மொழிப்பள்ளியில் ஆசிரியையிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினேன். முதலில் கால்விரல் கதையையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். ‘பெக டோ’ என்றால் இரண்டு பேரும்.

உள்ளே வாருங்கள், இரண்டு பேரும்.

கிர்ஸ்டனிடம் கேட்டபோது அவளுக்கு அதிசயமாக இருந்தது, அவர் புதிதாக இரண்டு மூன்று சொல் பேசியது. மற்றபடி, நடையின் விளக்கும் அறையின் விளக்கும் சேர்ந்தால் ஒரு ஆளுக்கு இரண்டு நிழல் விழும், அதைக் கண்டிருப்பார் என்றாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான், எனக்கு இரண்டு நிழல் விழுந்தது.

ஆனால் அவர் நிலத்தைப் பார்க்கவில்லை. ஒரு முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தார். என் தோளுக்குக் கொஞ்சம் கீழே. லூட்ஸ் என்னைவிட ஒரு சாண் கட்டை.

4

இதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனி மாதம். கணவர் முதலே வெளிக்கிட்டு டென்மார்க்குக்கு வந்துவிட்டார். நானும் பிள்ளையும் லூட்சும் மன்னாரில் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா முன்பே இறந்துவிட்டார். ஐயா கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பேரும் படகில் இராமேசுவரம் போய், அங்கிருந்து நானும் பிள்ளையும் கணவரிடம் போவது, லூட்ஸ் திருச்சியில் உறவினர் வீட்டில் நின்று படிப்பது என்று ஏற்பாடு.

போகிற நாள் லூட்ஸ் சொன்னாள், “நீங்கள் பிள்ளையைக் கொண்டு முன்னுக்குப் போங்கோ அக்கா. நான் பெரியம்மாவிட்டைச் சொல்லிப்போட்டுப் பின்னால வாறன்.”

பொழுது பட்டு ஆள் முகம் தெரியாத நேரத்தில் கரையில் பதினொரு பேர் கூடியிருந்தோம். லூட்சைக் காணவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மடியில் அனல்போலக் கிடந்தாள். எல்லாரையும் ஏற்றிவிட்டுப் படகோட்டி எஞ்சினைத் தட்டினார். அப்போது தூரத்தே கடலில், நேவியின் ரோந்துப் படகோ என்னவோ, ஒரு வெளிச்சம் எங்கள் பக்கம் திரும்புவதுபோல இருந்தது. படகில் இருந்த சனம் செபம் சொல்லத் தொடங்கியது.

கரையில் பனைகளின் பக்கமிருந்து குரல் கேட்டது. “அக்கா, நில்லுங்கோ.”

உருவம் தெரியவில்லை. மணலில் ஓடிவருகிற மூச்சோடு இரண்டாந்தரமும் கேட்டது. எஞ்சின் பக்கத்தில் நின்ற ஓட்டிக்குக் கேட்டிருக்காது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், “தங்கச்சி, உங்கடை ஆக்கள் இன்னும் ஆரும் வரக் கிடக்கோ?”

நான் சொன்னேன், “இல்லை. எல்லாரும் வந்தாச்சு. எடுங்கோ.”

படகு திரும்பிய பிறகுதான் மூன்றாந்தரம் கேட்டது.

பிள்ளைக்குக் காய்ச்சல், கடலில் வெளிச்சம், பத்துப் பேருடைய உயிர் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓட்டி கேட்ட அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது ஒன்றுதான். நாங்கள் போய்விடவேண்டும்.

இந்தியாவில் இருந்தபோது லூட்ஸ் பெரியம்மா வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்று அறிந்தேன். டென்மார்க்குக்கு வந்த பிறகு அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. சுகம் விசாரித்து, அனிற்றாவுக்கு முத்தம் சொல்லி, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று ஒரு வரி அவள் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் எனக்கு அவள் தந்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். நானும் அந்த நாளைப் பற்றி எழுதவில்லை.

5

‘இரண்டு பேரும்’ என்ற சொல்லின் பொருள் தெரிந்த பிறகு அந்தக் கடைசி அறைக்குப் போவது எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் உள்ளே நுழைந்து உடனே சாத்திவிடுவேன். சாத்திய கதவைப் பார்த்து அவர் ‘இல்லை’ என்பார். நான் போய்த் திறந்து வைக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். திறந்த பிறகுதான் பாட்டு.

இரவில் நான் நித்திரை கொள்வது குறைந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைக்க மனம் வராது. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை கடினமென்றால் விடும்படி சொன்னார். வேலை கடினமில்லை என்றேன்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு பின்னேரம், பாட்டு முடிந்ததும் நான் கதிரையை இழுத்து ஸ்வெனுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாய் திறந்து அவருக்குத் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். விளங்காத மொழி, திருப்பிச் சொல்லமுடியாத மனிதர். அந்தத் தைரியம்தான். கரை, பனைகள், ஓட்டி, நான் சொன்ன சொல், ஒன்றும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் இடக்கையால் என் கையைப் பிடித்தார். அவரும் யாரையோ எந்தத் துறைமுகத்திலோ விட்டுவந்தவர் என்று அப்போது எனக்குப் பட்டது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரால் சொல்லவும் முடியாது.

அவர் அந்தப் பாட்டை மறுபடி தொடங்கினார். செய்தது நான்தான் என்ற அடி வந்தபோது நானும் கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் நீல நிற வான்கடிதத்தை எடுத்து லூட்சுக்கு எழுதினேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் படகை எடுக்கச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, உனக்குத் தெரியவேண்டும். இவ்வளவுதான். மறுநாள் காலை, மனம் மாறுமுன், தபாற்பெட்டியில் போட்டேன்.

அன்றிரவு நல்ல நித்திரை வந்தது.

6

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஊரில் தபால் ஒழுங்கில்லை. பதில் வராது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசி நடுவில் ஒரு ஞாயிறு, கணவரும் வீட்டில் இருக்க, முதல்நாள் வந்த கடிதத்தை மேசையில் வைத்துப் பிரித்தேன். அவரிடம் அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தேன். “நீர் ஏன் இவ்வளவு காலமும் இதைச் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

லூட்ஸ் எழுதியிருந்தாள்.

“அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு நான் கரைக்கு வரவேயில்லை. ஐயா போன கடலில் ஏற எனக்குப் பயம். அதை உங்களுக்குச் சொன்னால் நீங்களும் போகமாட்டீர்கள் என்று நினைத்து, பின்னால் வாறன் என்று பொய் சொன்னேன். நீங்கள் வெளிக்கிட்ட பிறகு மாதா கோயிலுக்குப் போய், இருட்டி, கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் கதவு பூட்ட வரும்வரை வாங்கிலில் இருந்தேன். நீங்கள் எனக்காகக் காத்திருந்து ஆபத்தில் மாட்டினீர்களோ என்று இவ்வளவு நாளும் நான்தான் வெந்துகொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் கூப்பிடவில்லை அக்கா. அது யார்?”

நான் கடிதத்தைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சந்தோசம் அவருக்கு.

“பிறகென்ன? அண்டைக்குக் கரையில நிண்டு கூப்பிட்டது உம்முடைய தங்கச்சி இல்லை. காத்தா இருக்கும். பயத்தில காதுக்கு என்னவும் கேக்கும்.”

எனக்கும் அப்படி நினைக்க ஆசையாக இருந்தது. காற்று. ஒரு நிமிடம் உடம்பு முழுவதும் இலேசானதுபோல இருந்தது.

அனிற்றா மேசையின் அந்தப் பக்கம் பாணுக்குச் சொக்கலேற்றுத் தகடு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். தலை நிமிர்த்தாமல் டெனிஷில் சொன்னாள், “நைய். ஹுன் றோப்டெ.”

இல்லை. அவ கத்திக் கூப்பிட்டா.

கணவர் கையில் இருந்த கடிதத்தை மேசையில் வைத்தார். நான் கேட்டேன், “ஆர் பிள்ளை? ஆர் கூப்பிட்டது?”

அவள் தோளைக் குலுக்கினாள். தெரியாது என்றாள். நாங்கள் படகில் இருந்தபோது ஒரு ஆள் கத்தினது, தனக்குப் பயமாக இருந்தது, அம்மா தன்னுடைய காதைப் பொத்தினது என்று டெனிஷில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு இன்னொரு பாண் துண்டு கேட்டாள்.

பிள்ளையின் காதைப் பொத்தியது எனக்கே ஞாபகத்தில் இருக்கவில்லை. அவள் சொன்னதும் உள்ளங்கையில் அந்தச் சூடு வந்தது.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அக்கா என்று கூப்பிட லூட்சுக்கு மட்டுமா உரிமை? இருட்டில் ஒரு படகில் பெண் உருவம் ஒன்றைக் கண்டால் யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் தங்கை இல்லை என்பதால் அங்கே ஒருவரும் இல்லை என்றாகிவிடுமா? யாரோ ஒருத்தி மணலில் ஓடிவந்தாள். அவளை எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது, முகம் தெரியாது. தங்கைக்காவது கடிதம் எழுதினேன். இவளுக்கு எங்கே எழுதுவது?

மறுநாள் வேலைக்குப் போனேன். கோப்பித் தட்டோடு கடைசி அறைக்கு வந்தபோது கதவை அகலத் திறந்து, நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன். ஒரு ஆள் போக இடம்விட்டு. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயம் இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஸ்வென் கதவைப் பார்த்தார். அவருடைய பார்வை மெல்ல அறையைக் கடந்து யன்னலருகே இருந்த வெறுங்கதிரைக்குப் போய் நின்றது. அன்று அவர் ‘இரண்டு பேரும்’ என்று கூப்பிடவில்லை. பாடத் தொடங்கினார்.

நான் கோப்பியை வார்த்துவிட்டு, கட்டில் விரிப்பை மாற்றி, செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் கதிரையை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டினேன்.

பங்குனியில் ஒரு காலை நான் போனபோது அவருடைய அறையின் யன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் இங்கே அப்படிச் செய்வது வழக்கமாம். குளிர் நடைவரைக்கும் வந்தது. கிர்ஸ்டனும் நானும் அவரைக் கழுவி உடுத்தினோம். செத்த உடம்பை நான் கழுவியது அதுதான் முதல்முறை. அவள் என்னிடம், விரும்பினால் வெளியே நிற்கலாம் என்றாள். இங்கேயே நிற்கிறேன் என்றேன். பயிற்சிக்காலம் முடிந்ததும் இந்தத் தொழிலைப் படிக்க மனுப் போடப்போகிறேன் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

7

லூட்சுக்கு நான் இப்போது நீண்ட கடிதங்கள் எழுதுகிறேன். அவளும் எழுதுகிறாள். அந்தப் பக்கத்துச் சனத்தை அவள் விசாரித்தும் பார்த்தாள். அன்றைக்குக் கரைக்குப் போன யாரையும் காணவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லையாம். சொல்லப் பயமாகவும் இருக்கலாம்.

இந்தக் குறிப்புகளை ஊரில் வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். டென்மார்க்கின் குளிரையும் பஸ்ஸையும் பற்றி எழுதித்தரும்படிதான் இந்த இதழிலே கேட்டார்கள். எனக்கு வேறொன்று எழுத இருந்தது.

எண்பத்து நாலு பங்குனியில், மன்னார்க் கரையில், பொழுது பட்ட நேரத்தில் ஒரு படகுக்குப் பின்னால் ஓடிவந்து ‘அக்கா, நில்லுங்கோ’ என்று மூன்று தரம் கூப்பிட்டவர் நீங்களென்றால், அல்லது அவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமென்றால், இந்த இதழுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது எனக்கு வந்து சேரும். அவர் இப்போது உயிரோடு இல்லையென்றாலும் எழுதுங்கள்.

எஞ்சின் சத்தத்தில் படகில் ஒருவருக்கும் கேட்டிருக்காது என்று நீங்கள் மனதை ஆற்றியிருக்கக்கூடும். அப்படி இல்லை. எனக்குக் கேட்டது. மூன்று தரமும் கேட்டது. எடுக்கச் சொன்னது நான்தான். படகில் இடம் இருந்தது.